வலியில்லாத வீக்கம்

உடலில் எங்கேனும் வலி தோன்றினால் மனிதன் மருத்துவரைத் தேடி ஓடுகிறான். வலி இல்லையேல் வாளா இருந்துவிடுகிறான். பல்வலி கண்ட இரவில் உறக்கமின்றித் தவித்து, பொழுது விடிந்ததும் பல் மருத்துவரின் வாயிலில் போய் நிற்பவர், அதே தாடையில் ஓர் ஆண்டுக் காலமாகச் சிறுகச் சிறுக ஏறிவரும் வீக்கத்தைக் கண்ணாடியில் கண்டும் காணாதவர் போல இருப்பார். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அத்தகைய வீக்கங்களைப் பற்றித்தான். பல்லை உண்டாக்கும் திசுக்களிலிருந்தே பிறந்து, தாடை எலும்புக்குள்ளேயே வளரும் கட்டிகள் சில உண்டு. அவை அரியவை, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. இம்மூன்று காரணங்களாலேயே, நம் நாட்டில் பலர் அவற்றைச் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு வரும்போது காலம் வெகுவாகக் கடந்து விடுகிறது.

கட்டியின் இயல்பை அறிய வேண்டுமானால், பல் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் நலம். தாய் வயிற்றில் கரு உருவாகிய ஏறத்தாழ ஆறாவது வாரத்திலேயே இவ்வேலை தொடங்கிவிடுகிறது. சிசுவின் வாயை உட்புறம் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம், வளைந்த ஒரு பட்டிகை போலத் தடித்துத் தாடைக்குள் இறங்குகிறது. அப்பட்டிகையில் பற்கள் தோன்ற வேண்டிய இடங்களிலெல்லாம் மொட்டுக்கள் அரும்புகின்றன. மொட்டு முதலில் ஒரு குல்லாயைப் போலவும், பின்னர் ஒரு மணியைப் போலவும் வடிவெடுக்கிறது. மணியின் உள்விளிம்பில் எனாமலைச் செய்யும் உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. மணிக்குள் அடங்கிய மென்மையான திசுவில், எனாமலுக்கு உள்ளே இருக்க வேண்டிய டென்டீன் என்னும் பொருளைச் செய்யும் உயிரணுக்கள் எழுகின்றன. இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் தூண்டினால் ஒழிய எந்த வேலையும் நடவாது. உள்ளே இருப்பவர் டென்டீனைப் படிய வைக்கத் தொடங்கிய பின்னரே வெளியே இருப்பவர் எனாமலைப் படிய வைக்கிறார். இந்த ஒழுங்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிறகு இது நமக்குப் பயன்படும்.

நம் உடலில் எனாமலைவிடக் கடினமான பொருள் வேறொன்றும் இல்லை. அதைச் செய்த உயிரணுக்களோ, பல் வெளியே முளைக்கும்போதே அழிந்து போகின்றன. ஆதலால்தான் முறிந்த எலும்பு கூடுவது போல, தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஆயினும், வீடு கட்டி முடித்த கொத்தர்களில் எல்லோரும் ஊர் திரும்புவதில்லை. பட்டிகையின் துணுக்குகள் சில ஈறுக்கடியில் தங்கிவிடுகின்றன. வேரைச் சூழ்ந்திருந்த உறையின் துணுக்குகள் சில, பல்லையும் எலும்பையும் இணைக்கும் நாரில் தங்கிவிடுகின்றன. இந்த இரண்டாம் வகைத் துணுக்குகளை 1885-ஆம் ஆண்டில் மலாஸே என்னும் பிரெஞ்சு அறிஞர் நுண்பெருக்கியின் துணைகொண்டு விளக்கினார். அவை நோயாளிகளிடம் மட்டும் இருப்பவை அல்ல. இவ்வுரையைப் படிப்பவர் தாடையிலும் அவை உண்டு. எழுதுபவர் தாடையிலும் உண்டு. மிகப் பெரும்பாலோரிடம் அவை ஆயுள் முழுதும் உறங்கியே கிடக்கின்றன. மிகச் சிலரிடம் விழித்தெழுகின்றன.

விழித்தெழுந்தவை யாவும் ஒரே வகைக் கட்டியை உண்டாக்குவதில்லை. எல்லாவற்றிலும் சாதுவானது ஒடோன்டோமா என்பது. மூளையில் பேச்சுக்கு உரிய பகுதியை உலகுக்குக் காட்டிய அதே பிரோக்காதான் 1860-களில் இப்பெயரையும் வழங்கியவர். இதில் பல்லுக்குரிய எல்லாப் பொருள்களும் உண்டு. எனாமல் உண்டு, டென்டீன் உண்டு, பற்கூழும் உண்டு. இல்லாதது ஒழுங்கு ஒன்றே. சிலரிடம் அவை உருத்தெரியாத ஒரு கற்குவியலாகத் தாடையின் பின்புறத்தில் கிடக்கும். வேறு சிலரிடம், ஒரு பையில் போட்டுக் கட்டிய சோளமணிகள் போல, குட்டிக் குட்டிப் பற்களாகவே உருப்பெற்றிருக்கும்.

2014-ஆம் ஆண்டில் மும்பை ஜே. ஜே. மருத்துவமனையில் ஓர் இளைஞனின் தாடையிலிருந்து பல்லும் பல் போன்ற துணுக்குகளுமாக 232 எடுக்கப்பட்டன. 2019-இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து எடுத்த பையில் 526 இருந்தன. அவற்றில் பல ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்தாலும், முடியும் வேரும் எனாமலும் கொண்டு பல்லின் சாயலைப் பெற்றிருந்தன. பத்திரிகைகள் இவ்விரண்டையும் விந்தைச் செய்திகளாக வெளியிட்டன, விந்தைதான், ஐயமில்லை. ஆனால் அச்சிறுவனுக்கு மூன்று வயதாக இருந்தபோதே வீக்கம் கண்ணில் பட்டிருந்தது என்னும் வரியையும் அச்செய்திகளிலேயே காணலாம். எண்ணிக்கையைப் படித்து வியந்தவர்களில் எத்தனை பேர் அந்த வரியில் நின்றார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரும்பான்மையான ஒடோன்டோமாக்கள் இவ்வளவு ஆரவாரம் செய்வன அல்ல. வீக்கம்கூட இராது. முளைக்க வேண்டிய ஒரு பல் முளைக்காமல் இருக்கும், அவ்வளவே. குழந்தையின் பால்பல் விழுந்ததும் அதைக் கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப்பல் வருமென்று காத்திருப்பது நம் இல்லங்களில் வழக்கம். எறிந்தபின் கணக்கு வைப்பவர் அரியர். ஒரு புறத்துப் பல் முளைத்து ஆறு திங்களுக்கு மேலாகியும் மறுபுறத்தில் அதன் இணைப்பல் தலைகாட்டவில்லையென்றால், அந்த இடத்தை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். பல்லின் வழியை மறித்துக்கொண்டு ஒரு சிறு கட்டி கிடந்தால் படத்தில் தெரிந்துவிடும். அதைத் தோண்டி எடுத்தால், தடைபட்ட பல் தானாகவோ சிறிது உதவியுடனோ தன் இடத்துக்கு இறங்கி வர வாய்ப்புண்டு. ஒடோன்டோமா மீண்டும் வருவது மிக அரிது.

மேல் கோரைப்பல் பதினொன்று பன்னிரண்டு வயதில் வர வேண்டியது. அது வராத சிறுமியர் சிலரிடம் மற்றொரு கட்டியைக் காணலாம். மருத்துவ நூல்கள் இதை 'மூன்றில் இரண்டு கட்டி' என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவதுண்டு. ஏனெனில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களுக்கு வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு மேல்தாடையில் வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு, முளைக்காத பல் ஒன்றை அணைத்துக்கொண்டு இருக்கிறது. அப்பல்லும் மூன்றில் இரண்டு பங்கு கோரைப்பல்லாகவே இருக்கிறது. நல்ல உறைக்குள் அடங்கியிருப்பதால் கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்குவது போல முழுவதும் வந்துவிடும். அத்தோடு கதை முடியும். ஆனால் ஒரு காலத்தில் இதற்கு இட்டிருந்த பெயர், நாம் அடுத்துச் சொல்லப்போகும் முரட்டுக் கட்டியின் பெயரைத் தழுவியதாக இருந்தது. பெயர் ஒன்றாயிருந்தால் அச்சமும் ஒன்றாகவே இருக்கும்; சிறு அறுவையில் தீர வேண்டியதற்குப் பெரிய அறுவை நிகழும் அபாயம் இருந்தது. 1969-இல் பிலிப்ஸன், பிர்ன் என்னும் இருவர் வேறு பெயர் சூட்டினர். 1971-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அதை ஏற்றது. பெயரிடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை.

அந்த முரட்டுக் கட்டியின் பெயர் அமெலோபிளாஸ்டோமா. இப்பெயரை 1930-இல் ஐவி, சர்ச்சில் ஆகிய இருவர் முன்மொழிந்தனர். எனாமல் செய்யும் உயிரணுவின் பெயரால் இது அழைக்கப்பட்டாலும், இக்கட்டிக்குள் ஓர் இம்மியளவு எனாமல்கூட இராது. நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்னதை இங்கே எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பவர் டென்டீனைத் தொடங்கினால்தான் வெளியே இருப்பவருக்கு வேலை. இக்கட்டியிலோ வெளி வரிசை மட்டுமே உண்டு. உள்ளிருந்து அழைக்க எவரும் இல்லை. மணி உண்டு, நாக்கு இல்லை. ஆகவே அவ்வுயிரணுக்கள் வேலையைத் தொடங்காமல், அணி வகுத்து நின்றபடியே பெருகிக்கொண்டு போகின்றன.

இது அரிய கட்டி. உலக அளவில் பார்த்தால் பத்து லட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது எனலாம். நம் நாட்டு மக்கள்தொகைக்கு அந்த 'ஒருவர்' எத்தனை பேர் ஆவார் என்பதை நேயர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மருத்துவமனைகள் வெளியிடும் கணக்குகளில், பற்றிசுக் கட்டிகளுள் முதலிடம் பெரும்பாலும் அமெலோபிளாஸ்டோமாவுக்கே. அமெரிக்கக் கணக்குகளிலோ முதலிடம் சாதுவான ஒடோன்டோமாவுக்கு. தாடைகள்தாம் வேறுபடுகின்றனவோ என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டா. பள்ளிப் பருவத்திலேயே எல்லோருக்கும் பல் எக்ஸ்ரே எடுக்கும் நாட்டில், வீங்காத வலிக்காத ஒடோன்டோமாக்கள் ஏராளமாக அகப்படும். படமே எடுக்காத நாட்டில், முகத்தைத் திருகும் கட்டி மட்டுமே மருத்துவமனை வரை வந்து சேரும். கணக்கு, நோயைப் பற்றிச் சொல்வது பாதி. நாட்டைப் பற்றிச் சொல்வது பாதி.

ஐந்தில் நான்கு அமெலோபிளாஸ்டோமாக்கள் கீழ்த்தாடையில், அதுவும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் தாடை காதை நோக்கி ஏறும் பகுதியில் தோன்றுகின்றன. இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களே பெரும்பாலோர். ஒரு நோயாளியின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் செல்லும். முதலில் கடைவாயில் ஒரு பல் ஆட்டம் கொடுக்கிறது. பூச்சிப் பல் என்று எண்ணிப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்கிய இடம் ஆறினாலும் கன்னத்தின் பருமன் குறைவதில்லை. நீர் கோத்திருக்கிறது என்று ஒருவர் பற்றுப் போடச் சொல்லுகிறார். சூடு என்று இன்னொருவர் பத்தியம் சொல்லுகிறார். வலி இல்லாததால் எல்லா மருந்தும் கேட்டது போலவே தோன்றும். இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு கழிகின்றன. எலும்பு உள்ளிருந்து தள்ளப்பட்டு முட்டையோடு போல மெலிந்து, விரலால் அழுத்தினால் நொறுநொறுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், சோப்பு நுரைக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தாடை முழுதும் அறை அறையாகக் காணப்படும். அண்டையிலுள்ள பற்களின் வேர்கள் அரத்தால் தேய்த்தது போலக் கரைந்திருக்கும்.

தாமதத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு; அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டில் வாயில் கட்டி என்றால் புகையிலையும் புற்றுநோயுமே எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. வாய்ப் புற்றைப் பொறுத்தவரை அந்நினைவு சரியானதே. ஆனால் பல் திசுவில் பிறக்கும் இக்கட்டிகளுக்கும் புகையிலைக்கும், வெற்றிலைக்கும், பல் துலக்காமைக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எப்பழக்கமும் இல்லாத இளம் பெண்ணுக்கும் வரலாம். ஊரார் என்ன சொல்வார்களோ என்று முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பவர்கள், மறைக்க வேண்டிய குற்றம் எதையும் செய்தவர்கள் அல்லர்.

இனி, 'தீங்கற்ற கட்டி' என்னும் சொல்லைச் சற்றே ஆராய வேண்டும். மருத்துவர் அச்சொல்லைக் கூறும்போது, இது பிற உறுப்புகளுக்குப் பரவும் புற்று அன்று என்பதே பொருள். கேட்பவர் காதிலோ, 'இதனால் தீங்கு இல்லை' என்று விழுகிறது. நிம்மதியோடு வீடு திரும்பி விடுகிறார். அமெலோபிளாஸ்டோமா விஷயத்தில் இந்நிம்மதி பெரும் தவறு. அது தானாக நிற்பதில்லை; வற்றுவதும் இல்லை. எலும்பின் உட்புறம் கடற்பஞ்சு போன்றது. கட்டி தன் எல்லையைத் தாண்டி, அப்பஞ்சின் துளைகளுக்குள் வேர்விட்டுக்கொண்டு போகிறது. படத்தில் தெரியும் ஓரம் கட்டியின் உண்மையான ஓரம் அன்று. மேல்தாடையில் தோன்றினால் இன்னும் ஆபத்து. அங்கே எலும்பு மெல்லியது, காற்றறைகள் நிறைந்தது, கண்குழியும் மூளையின் அடித்தளமும் அருகிலேயே உள்ளன. மிக மிக அரிதாக, நுண்பெருக்கியில் சாதுவாகவே தோன்றும் இக்கட்டி நுரையீரல் வரை சென்றதும் உண்டு.

மருத்துவர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துத் தாடையைக் காப்பாற்றுவதா, அல்லது கட்டியோடு அதைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு செண்டிமீட்டர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து அறுத்துவிடுவதா? முதல் வழி இரக்கமுள்ளதாகத் தோன்றும். வடு இல்லை, முகம் மாறவில்லை, சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் திடமான வகை அமெலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி மட்டும் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பி வந்ததாகப் பழைய கணக்குகள் பல கூறுகின்றன. திரும்பி வரும்போது, முன்பு போதுமாயிருந்த அறுவை பிறகு போதுவதில்லை. திருமணத்துக்கு நிற்கும் மகளை அழைத்து வந்து, 'முகம் கெடாமல் ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்கும் பெற்றோரின் துயரத்தை நாம் அறியாதவர் அல்லோம். எனினும், அந்தக் கனிவுக்காகச் சிறிய அறுவையைத் தேர்ந்துகொள்வது, பெரிய அறுவையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதாகவே பலரிடம் முடிகிறது என்பது நம் கருத்து.

இதற்கு விலக்கும் உண்டு. இளம் வயதினரிடம் ஒரே நீர்ப்பை போன்று தோன்றும் அமெலோபிளாஸ்டோமா ஒன்று உண்டு. 1977-இல் ராபின்ஸன், மார்டினெஸ் என்போர் இதைத் தனியே பிரித்துக் காட்டினர். கட்டியின் உயிரணுக்கள் பையின் சுவரைத் துளைத்துச் செல்லாமல் உட்புறத்திலேயே இருந்தால், சிறிய அறுவையே போதுமானதாகலாம். வளரும் தாடையை உடைய சிறுவர்களிடமும் மருத்துவர்கள் இயன்ற வரை பொறுமை காட்டுவர். ஆகவே, எல்லாம் கட்டியின் வகையை அறிவதில் இருக்கிறது. வகையை அறிய ஒரு துணுக்கை வெட்டி எடுத்து நுண்பெருக்கியில் பார்த்தே ஆக வேண்டும். 'கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்' என்ற அச்சம் நம் மக்களிடையே ஆழ்ந்து கிடக்கிறது. பற்றிசுக் கட்டிகளில் அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லை. எக்ஸ்ரே படத்தில் ஒன்று போலவே தோன்றும் இரு கட்டிகளில், ஒன்றைப் பிதுக்கி எடுத்தால் போதும். மற்றொன்றுக்குத் தாடையையே அறுக்க வேண்டும். எது எது என்பதை அத்துணுக்கு ஒன்றே சொல்லும்.

தாடையில் ஒரு பகுதியை இழந்தால் பின்பு உண்பதும் பேசுவதும் எப்படி? முன்னாளில் இடைவெளியை உலோகத் தகட்டால் இணைத்தோ, விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ வெட்டி வைத்தோ சமாளித்தனர். இன்றுள்ள சிறந்த வழி காலிலிருந்து வருகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் வெளிப்புறத்தது மெலிந்தது; உடலின் பாரத்தை அது அவ்வளவாகத் தாங்குவதில்லை. முழங்கால் அருகிலும் கணுக்கால் அருகிலும் சிறிது விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தாலும் மனிதன் நடப்பான். அவ்வெலும்பை அதற்குரிய இரத்தக் குழாய்களுடனேயே எடுத்து, தாடையின் வளைவுக்கேற்ப நறுக்கி, கழுத்திலுள்ள குழாய்களோடு நுண்பெருக்கியின் கீழ்த் தைத்துவிடுகிறார்கள். 1989-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹிடால்கோ தாடைக்கு இம்முறையைச் செய்து காட்டிய பிறகு அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. பொருந்திய எலும்பில் திருகுகளைப் பதித்துச் செயற்கைப் பற்களையும் நிறுத்தலாம். தோசையை மட்டும் பிட்டுத் தின்றவர் முறுக்கையும் கடிக்கலாம். ஆனால் இது பல மணி நேர அறுவை; செலவும் மிகுதி; கட்டி சிறிதாக இருக்கும்போது வந்தவருக்கு இவ்வளவு தேவைப்படுவதும் இல்லை.

உறங்கும் துணுக்குகள் ஏன் விழிக்கின்றன என்பதற்கு ஒரு பாதி விடை 2014-இல் கிடைத்தது. கீழ்த்தாடை அமெலோபிளாஸ்டோமாக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், பி-ராஃப் என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். 'பெருகு' என்னும் கட்டளை வந்தபோது மட்டும் திறக்க வேண்டிய கதவு, இப்பிழையால் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. வியப்பு என்னவெனில், தோலில் உண்டாகும் மெலனோமா என்னும் கொடிய புற்றிலும் இதே பிழை உண்டு. அதற்கென்று மாத்திரைகளும் முன்பே இருந்தன. அவற்றை அமெலோபிளாஸ்டோமா நோயாளிகள் சிலருக்குக் கொடுத்தபோது கட்டி சுருங்கியது. தாடையை அறுக்காமலே தீர்க்கும் நாள் வந்துவிட்டது என்று சொல்ல நாம் துணியவில்லை. அறுவையைச் சிறியதாக்கவும், அறுக்க இயலாத இடத்தில் உதவவும் அவை பயன்படக்கூடும் என்று கூறுவதே பொருந்தும்.

அறுவை முடிந்தவரிடம் மருத்துவர் ஆண்டுதோறும் வரச் சொல்லுவார். முதல் இரண்டு ஆண்டு தவறாமல் வருகிறவர்கள், பிறகு நின்றுவிடுகிறார்கள். கன்னம் பழையபடி இருக்கிறது, வலியும் இல்லை, எதற்கு வீண் செலவு என்று. ஆனால் அமெலோபிளாஸ்டோமா திரும்புவதானால் பாதிப் பேருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் திரும்பும். எஞ்சியவர்களுக்கு அதற்குப் பின்பு, சிலருக்குப் பத்து ஆண்டுகள் கடந்தும் திரும்பியதுண்டு. ஊர் மாறலாம், மருத்துவர் மாறலாம். பழைய எக்ஸ்ரே படத்தையும், துணுக்கைப் பார்த்து எழுதிக்கொடுத்த அறிக்கையையும் நிலப் பத்திரங்களோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. புதிய மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். இன்றைய படத்தில் தெரியும் ஒரு சிறு நிழல் புதியதா பழையதா என்பதை, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர் சொல்ல முடியும்.